மணலளவு ஓட்டிலிருந்து ஆதிக்கடலின் அமிலம்: எப்படிக் கணிக்கிறார்கள்?

2023 டிசம்பரில் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வெளிவந்தது. கடந்த 66 மில்லியன் ஆண்டுகளில் காற்றில் காபனீரொட்சைட்டு எப்படி ஏறி இறங்கியது என்று பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து தொகுத்தது அது. இன்றுள்ள அளவு கடைசியாக நிலைத்திருந்தது ஏறக்குறைய 14 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. செய்தியாக வந்தபோது மிச்சமெல்லாம் உதிர்ந்து இந்த ஒரு வரிதான் நின்றது.

அந்த வரியை வைத்து இரண்டு விதமாகக் கதைக்கிறார்கள். பழைய சிப்பிக்குள் அந்தக் காலத்துக் காற்று அடைபட்டுக் கிடக்கிறது, அதைத் திறந்து அளந்துவிட்டார்கள் என்று நம்புகிறவர்கள் ஒரு பக்கம். அப்போது யார் இருந்து அளந்தது, எல்லாம் சும்மா கணக்கு என்று கையை உதறுகிறவர்கள் மறுபக்கம்.

இரண்டுமே பிழை. ஓட்டுக்குள் காற்று கிடையாது. அதற்காக எண்களை யாரும் வானத்திலிருந்து பிடுங்கவும் இல்லை. ஓட்டில் இருப்பது ஒரு விகிதம். அதிலிருந்து கடல்நீரின் அமிலத்தன்மைக்கும், அங்கிருந்து காற்றில் இருந்த காபனீரொட்சைட்டுக்கும் படிப்படியாகப் போகலாம். சில படிகள் உறுதியானவை, சில ஆட்டம் காண்பவை. எது எது என்று தெரிந்துவிட்டால் இப்படியான எண்களை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே தீர்மானிக்கலாம். சாதாரணதர விஞ்ஞானம் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் போதும்.

குமிழியில் வருவது ஆதிகாலக் காற்றா?

குழப்பம் பனிக்கட்டியிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அந்தாட்டிக்காவில் ஆண்டுதோறும் விழும் பனி இறுகிக் கட்டியாகும்போது காற்று உண்மையிலேயே சிறு குமிழ்களாக உள்ளே அகப்படுகிறது. கட்டியை நொறுக்கி அந்தக் காற்றை நேரடியாக அளக்கலாம். இப்படிக் கிடைத்த தொடர்ச்சியான பதிவு சுமார் 8 இலட்சம் ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறது. அந்தக் காலம் முழுவதும் காபனீரொட்சைட்டு மில்லியனுக்கு ஏறக்குறைய 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையில்தான் ஊசலாடியது. அதாவது, காற்றின் ஒவ்வொரு மில்லியன் மூலக்கூறிலும் 180 முதல் 300 வரை. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

பனியால் 8 இலட்சம் ஆண்டு போகலாம். 14 மில்லியனுக்குப் போக வேறு வழி வேண்டும். கடல் உயிர்களின் ஓடுகள் அங்கேதான் வருகின்றன. ஓடு கல்சியம் காபனேற்றால் ஆனது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். அதில் இரண்டு துளி வினாகிரி விட்டால் நுரைத்து வாயு வரும், அந்த வாயு காபனீரொட்சைட்டு. பாடசாலையில் எல்லோரும் செய்து பார்த்ததுதான்.

அப்படியானால் அந்த நுரை ஆதிகாலக் காற்றா? அந்தக் காபன் அணுக்கள் பழையவைதான். ஆனால் அவை காற்றாக உள்ளே போகவில்லை. நீரில் கரைந்து, அயன்களாக மாறி, கல்சியத்துடன் பிணைந்து கல்லாயின. 100 கிராம் தூய கல்சியம் காபனேற்றை அமிலத்தில் கரைத்தால் 44 கிராம் காபனீரொட்சைட்டு வரும். நேற்று உருவான ஓடு என்றாலும் 50 மில்லியன் ஆண்டுப் பழைய ஓடு என்றாலும் அதே 44தான். வாயுவின் அளவு அந்தக் காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கடலின் அமிலத்தன்மை மாறினால் தானும் மாறுகிற வேறு ஏதாவது அந்த ஓட்டில் இருக்க வேண்டும். அது போரன் என்ற மூலகம். அதற்குப் போவதற்கு முன் அமிலத்தன்மை என்ற சொல்லை ஒருமுறை சரிசெய்துகொள்வோம்.

கடல் அமிலமாகிறது என்றால்

காபனீரொட்சைட்டு நீரில் கரைந்தால் காபோனிக் அமிலம் உண்டாகும். சோடாவின் மெல்லிய புளிப்பு அதுதான். அந்த அமிலம் உடைந்து ஐதரசன் அயன்களை விடுகிறது. ஐதரசன் அயன் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு நீர் அமிலப் பக்கம் நகரும். இதை அளக்கும் அளவுகோல் பீ.எச். பெறுமானம். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.

திறந்த கடலின் மேற்பரப்பு நீர் இன்று சராசரியாக 8.1. தொழிற்புரட்சிக்கு முன் ஏறக்குறைய 8.2. ஆகவே கடல் இன்றைக்கும் காரம்தான், நடுநிலைக்குக்கூட வரவில்லை. 'அமிலமாதல்' என்பது போகும் திசையைக் குறிக்கும் சொல். இதை வைத்து "கடல் அமிலமே இல்லை, பிறகென்ன" என்று வாதிடுகிறவர்கள் உண்டு. கடலில் கால் வைத்தால் எரியும் என்ற அளவுக்குப் பயப்படுகிறவர்களும் உண்டு.

0.1 தானே என்று அலட்சியமாக விடவும் முடியாது. பீ.எச். அளவுகோலில் ஒரு படி இறங்கினால் ஐதரசன் அயன் பத்து மடங்காகும். 0.1 இறங்கினால் ஏறக்குறைய கால்பங்கு கூடும். கூடிய ஐதரசன் அயன்கள் நீரிலுள்ள காபனேற்று அயன்களைப் பிடித்து இருகாபனேற்றாக மாற்றிவிடும். ஓடு கட்டும் உயிர்களுக்கு வேண்டியது அந்தக் காபனேற்றுத்தான். அதனால் ஓடு கட்டுவதற்கு அவை கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் இரண்டு வரியில் வைத்துக்கொள்ளலாம். காற்றில் காபனீரொட்சைட்டு கூடினால் மேற்பரப்புக் கடலின் பீ.எச். இறங்கும். பழைய பீ.எச். தெரிந்தால் பழைய காபனீரொட்சைட்டை நோக்கிப் போகலாம்.

சவர்க்காரமும் மஞ்சளும்

கறி பட்ட வெள்ளைச் சட்டையில் சவர்க்காரம் போட்டால் மஞ்சள் கறை சட்டென்று சிவக்கும். தேசிக்காய்ப் புளி விட்டால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்ற மூலக்கூறுதான் இதற்குக் காரணம். அதற்கு மஞ்சள் நிற வடிவம் ஒன்று, சிவப்பு வடிவம் ஒன்று. அமிலத்தில் பெரும்பாலானவை முதல் வடிவத்தில் இருக்கும், காரத்தில் இரண்டாவதில். இடைப்பட்ட நிலையில் இரண்டும் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் நிறம் அந்தக் கலப்பு விகிதம். கறையின் நிறத்தைப் பார்த்தே அந்த நீர் அமிலமா காரமா என்று சொல்லிவிடலாம்.

கடல்நீரில் இந்த வேலையைப் போரன் செய்கிறது. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறக்குறைய 4.5 மில்லிகிராம் போரன் உண்டு. அதுவும் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று போரிக் அமிலம்: போரன் அணுவைச் சுற்றி மூன்று ஒட்சிசன், மின்னேற்றம் இல்லை. மற்றது போரேற்று: சுற்றி நான்கு ஒட்சிசன், எதிர் மின்னேற்றம் உண்டு. பீ.எச். 8.6 அளவில் இரண்டும் பாதிக்குப் பாதி. இன்றைய மேற்பரப்புக் கடலில், அதாவது 8.1இல், கால்பங்கு அளவுதான் போரேற்று. பீ.எச். இன்னும் இறங்கினால் போரேற்று இன்னும் குறையும்.

மஞ்சளுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், போரனுக்கு நிறம் இல்லை. நிறத்துக்குப் பதிலாக எடை வேறுபாட்டில் தடயம் கிடைக்கிறது. இன்னொரு வேடிக்கை: ஒரு பொருளில் போரன் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இரசாயனவியலாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் பொருள்களில் ஒன்று இதே குர்க்குமின். அமிலத்துடன் சேர்த்தால் போரனைப் பிடித்துக்கொண்டு கடுஞ்சிவப்பாகிவிடும்.

ஒரே போரன், இரண்டு எடை

ஒரு மூலகத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடையில் இருப்பதில்லை. இரசாயன குணம் ஏறக்குறைய ஒன்றாகவும் எடை வேறாகவும் உள்ள அணுக்களைச் சமதானிகள் என்கிறோம். இயற்கைப் போரனில் ஐந்தில் நான்கு பங்கு போரன்-11, மிச்சம் போரன்-10. இரண்டுமே சிதைவதில்லை. இது முக்கியம், ஏனென்றால் சமதானி என்றவுடன் பலருக்குக் காபன்-14 காலக்கணிப்புத்தான் ஞாபகம் வரும். அது சிதைவதை வைத்து வயதைச் சொல்லும். இங்கே எதுவும் சிதையவில்லை, வயதும் இதிலிருந்து வரவில்லை. வயது தனியாக, படிவு அடுக்குகளின் வரிசை, பாறையில் பதிந்த பழைய காந்தத் திசை போன்றவற்றிலிருந்து கிடைக்கும்.

கனமான போரன்-11 அணுக்கள் மூன்று பிணைப்புள்ள போரிக் அமிலத்தில் சற்றுக் கூடுதலாகச் சேரும். அங்கே பிணைப்பு இறுக்கமானது, கனமான அணு இறுக்கமான பிணைப்பில் இருந்தால் ஆற்றல் குறையும். இலேசான போரன்-10 அந்த அளவுக்குப் போரேற்றில் கூடும். இந்த ஓரவஞ்சனை மிகச் சிறியது. இரண்டு வடிவங்களுக்கும் இடையே ஆயிரத்துக்கு ஏறக்குறைய 27 பங்கு வேறுபாடு. பீ.எச். எவ்வளவு மாறினாலும் இந்த இடைவெளி மாறாது.

அடுத்தது கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டிய இடம். முழு முறையும் இதன்மேல்தான் நிற்கிறது.

கடலிலுள்ள மொத்தப் போரனில் கனமானது எவ்வளவு, இலேசானது எவ்வளவு என்பது நிலையான கணக்கு. ஒரு நியமப் பொருளோடு ஒப்பிட்டால் இன்றைய கடல்நீர் ஆயிரத்துக்கு 39.6 பங்கு கனமானது. பீ.எச். நன்றாக இறங்கிப் போரன் முழுவதும் போரிக் அமிலமாகிவிட்டது என்று வையுங்கள். அப்போது போரிக் அமிலத்தின் விகிதமும் கடலின் விகிதமும் ஒன்றேதான், 39.6. ஓரத்தில் மிஞ்சியிருக்கும் துளிப் போரேற்று அதைவிட 27 குறைவு, அதாவது 12 சொச்சம். எதிர்ப்பக்கம், பீ.எச். நன்றாக ஏறி எல்லாமே போரேற்றாகிவிட்டால் போரேற்றின் விகிதம் 39.6 ஆகியே தீரும், ஏனென்றால் மொத்தமே அதுதான். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, பீ.எச். ஏற ஏறப் போரேற்றின் எண் வழுக்கிக்கொண்டே மேலே போகிறது. இடைவெளி மாறாமலே இரண்டு வடிவமும் சேர்ந்து மேலும் கீழும் நகர்கின்றன.

இன்றைய மேற்பரப்புக் கடலில் போரேற்றின் எண் 18க்கும் 20க்கும் இடையில் வரும். பீ.எச். 0.1 மாறினால் அது ஆயிரத்துக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக மாறும்.

ஓடு எதை எடுத்துக்கொள்கிறது?

கல்சியம் காபனேற்று வளரும்போது மின்னேற்றமுள்ள போரேற்று அயன் காபனேற்று அயனின் இடத்தில் தவறுதலாகப் போய் உட்காருகிறது. மின்னேற்றமில்லாத போரிக் அமிலத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. கடல் ஓடுகளிலுள்ள போரனின் விகிதம் போரேற்றின் விகிதத்தை ஒட்டியே இருக்கிறது என்று 1992இல் ஹெமிங், ஹான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் பிறகுதான் இந்த முறை வேகம் பிடித்தது.

எந்த உயிரின் ஓடு என்பதும் முக்கியம். பெரும்பாலும் பயன்படுவது பொராமினிபெரா. இவை ஒற்றைக்கல உயிர்கள், அமீபாவுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அறை அறையாக ஓடு கட்டும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, கையில் எடுத்தால் மணல் என்றே நினைப்பீர்கள். சில இனங்கள் கடலடியில் வாழும், சில மேற்பரப்பில் மிதக்கும். காற்றைப் பற்றி அறிய மிதப்பவையே வேண்டும், ஏனென்றால் காற்றோடு தொடுப்பு மேற்பரப்புக்குத்தான். செத்ததும் ஓடுகள் அடியில் விழுந்து சேற்றோடு சேரும். மில்லியன் கணக்கான ஆண்டுகளாக அப்படியே அடுக்கடுக்காக விழுந்துகொண்டிருக்கின்றன.

ஒரு சிக்கல் உண்டு. மிதக்கும் பொராமினிபெராக்களில் பல, தம்மோடு சின்னப் பாசிகளை வைத்திருக்கின்றன. பகலில் அந்தப் பாசி ஒளித்தொகுப்புச் செய்து காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்ளும். அதனால் ஓட்டைச் சுற்றியுள்ள மயிரிழை அளவு நீரில் பீ.எச். ஏறிவிடும். ஓடு பதிவது திறந்த கடலின் பீ.எச்.ஐ அல்ல, தன்னைச் சுற்றியுள்ள அந்த மெல்லிய படலத்தின் பீ.எச்.ஐ. ஆகவே உயிருள்ள பொராமினிபெராக்களைப் பிடித்து, பீ.எச். தெரிந்த நீரில் வளர்த்து, ஒவ்வோர் இனமும் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். அழிந்துபோன இனத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. அங்கே நெருங்கிய உறவு இனத்தை வைத்து ஊகிக்க வேண்டும். நாம் சந்திக்கும் முதல் உண்மையான பலவீனம் இதுதான்.

ஆய்வுகூட வேலையை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. கடலடியில் துளையிட்டு எடுத்த சேற்றைக் கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஈரத் தூரிகையால் ஒரே இன ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நொறுக்கி, களியைக் கழுவி நீக்கி, அமிலத்தில் கரைத்து, போரனைப் பிரித்து, திணிவு நிறமாலைமானி என்ற கருவியில் இரு சமதானிகளையும் எண்ணுவார்கள். இடையில் கண்ணாடிப் பாத்திரம் தொடக்கூடாது. ஆய்வுகூடக் கண்ணாடி பெரும்பாலும் போரன் கலந்து செய்வது. அதில் ஊற்றினால் 15 மில்லியன் ஆண்டுப் பழைய போரனோடு தொழிற்சாலைப் போரனும் கலந்துவிடும். அதனால் எல்லாம் பிளாஸ்ரிக்கில். அறையின் காற்றுவடிகட்டிகூடப் போரன் இல்லாததாக இருக்க வேண்டும்.

சரி, இதுவரை வந்த பாதை: ஓட்டிலுள்ள போரனின் விகிதம் போரேற்றின் விகிதத்தைக் காட்டுகிறது, அது கடலின் பீ.எச்.ஐக் காட்டுகிறது. அளக்கும்போது வரும் பிழை ஆயிரத்துக்கு 0.2 அளவு. பீ.எச். ஆக மாற்றினால் 0.02 சொச்சம். அளவீடு என்ற படி நல்ல உறுதியானது.

பீ.எச். கிடைத்துவிட்டது, காற்று எங்கே?

இங்கேதான் பலர் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். பீ.எச். தெரிந்தால் காபனீரொட்சைட்டு தெரிந்துவிடாது. கடலில் கரைந்த காபன் மூன்று வடிவத்தில் இருக்கிறது: கரைந்த காபனீரொட்சைட்டு, இருகாபனேற்று, காபனேற்று. இவற்றின் விகிதத்தைப் பீ.எச். சொல்லும். மொத்தம் எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு இரண்டாவது எண் ஒன்று வேண்டும். வழக்கமாக எடுப்பது காரத்திறன், அதாவது அமிலத்தை நடுநிலையாக்க அந்தக் கடல்நீருக்கு உள்ள மொத்தக் கொள்ளளவு.

பழங்கடலின் காரத்திறன் எந்த ஓட்டிலும் நேராகப் பதியவில்லை. பாறைகள் கரைந்து ஆறுகளால் வந்தது எவ்வளவு, கடலடியில் சுண்ணாம்பாகப் படிந்தது எவ்வளவு என்று மாதிரிக் கணக்குகளால் மதிப்பிடுகிறார்கள். ஆட்டம் காணும் படி என்று சொன்னேனே, இது அதில் ஒன்று. ஆனால் ஓர் ஆறுதல் உண்டு. காரத்திறன் மதிப்பீடு பத்து வீதம் பிழைத்தால் கடைசி விடையும் ஏறக்குறைய பத்து வீதம்தான் பிழைக்கும். பீ.எச்.இல் 0.1 பிழைத்தாலோ விடை கால்பங்குக்கு மேல் போய்விடும். கடுமையாக அளக்க வேண்டியதைத்தான் கடுமையாக அளக்கிறார்கள்.

அப்புறம் வெப்பநிலை. சூடான நீரில் வாயு குறைவாகவே கரையும். அதே ஓட்டிலுள்ள மக்னீசியத்துக்கும் கல்சியத்துக்கும் உள்ள விகிதம் வெப்பநிலையோடு மாறுவதால் அதையும் அங்கிருந்தே எடுக்கலாம்.

எந்தக் கடலிலிருந்து ஓடு எடுப்பது என்பதும் கவனிக்க வேண்டியது. கடலும் காற்றும் வாயுப் பரிமாற்றத்தில் சமநிலைக்கு வந்த இடம் வேண்டும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் ஓமான், சோமாலியாக் கரைகளில் அடிநீர் மேலே வருகிறது. அந்த நீரில் காபனீரொட்சைட்டு காற்றிலுள்ளதைவிடக் கூடுதல். அங்கே வளர்ந்த ஓட்டை வைத்துக் காற்றைக் கணித்தால் விடை உயர்ந்து வரும். அதனால் அடிநீர் கிளம்பாத, அமைதியான நடுக்கடல் இடங்களையே விரும்பிப் பார்க்கிறார்கள்.

சரியா என்று எப்படித் தெரியும்?

இந்த முறையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் விடைத்தாள் ஒன்று கையில் இருக்கிறது. கடைசி 8 இலட்சம் ஆண்டுகளுக்குப் பனிக்கட்டியின் நேரடி அளவீடு உண்டு. அதே காலத்துப் பொராமினிபெரா ஓடுகளிலிருந்து போரன் முறையில் கணித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பனியுகங்களில் இறங்குவதும் இடைக்காலங்களில் ஏறுவதும் இரண்டிலும் ஒத்துப்போயின. பனிக்கு அப்பாலும் துணிந்து போகலாம் என்ற நம்பிக்கை இதிலிருந்துதான் வந்தது. மிகப் பழைய காலங்களுக்கு இலைகளின் வாயுத்துளை எண்ணிக்கை, பாசிகள் விட்டுப்போன கொழுப்புப் பொருள்கள் போன்ற வேறு தடயங்களோடும் ஒப்பிடுகிறார்கள். 2023 தொகுப்பு அப்படிப் பல முறைகளைச் சலித்து எடுத்து ஒன்றாக்கியதுதான்.

பின்னோக்கிப் போகப் போகப் பெரிதாகும் பலவீனம் வேறு ஒன்று. மேலே 39.6 என்ற எண்ணை நிலையான கணக்கு என்றேன். சில மில்லியன் ஆண்டுகளுக்கு அது சரி, ஏனென்றால் போரன் கடலில் 10 மில்லியன் ஆண்டுகளுக்கு மேல் தங்கும், அவ்வளவு எளிதில் மாறாது. ஆனால் அதற்கும் முந்திய காலத்தில் ஆறுகள் கொண்டுவந்ததும் களிமண்ணும் கடலடிப் பாறையும் உறிஞ்சியதும் சேர்ந்து அந்த எண்ணையே மெதுவாக நகர்த்திவிட்டன. 50 மில்லியன் ஆண்டுக்கு முன் அது எவ்வளவு என்பதை வேறு வழிகளில் மதிப்பிட வேண்டியிருக்கிறது. அதனால்தான் மிகப் பழைய காலத்து விடைகளுக்கு அகலமான வீச்சுக் கொடுக்கிறார்கள். நூறு பங்கு இங்கே அங்கே போவது சாதாரணம். செய்திப் படங்களில் அந்த வீச்சை அழித்துவிட்டு நடுக்கோட்டை மட்டும் போடுவதுதான் என் ஒரே முறைப்பாடு. வீச்சு இல்லாத கோடு ஆய்வாளர் சொன்னதில் பாதிதான்.

காலத்திலும் மங்கல் உண்டு. ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்ரிமீற்றர் சேறுதான் படியும். படிந்ததையும் புழுக்கள் கிளறிக் கலக்கும். ஒரு மாதிரியில் இருப்பது ஒரு நாளின் கடலோ ஓர் ஆண்டின் கடலோ அல்ல. சில ஆயிரம் ஆண்டுகளின் சராசரி அது.

"அப்போதும் கூடத்தான் இருந்தது"

இதைச் சொல்லாதவர் இல்லை. உண்மைதான். 50 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் மில்லியனுக்கு 1,600 பங்கு அளவு இருந்ததாக அதே தொகுப்புச் சொல்கிறது. கடலில் உயிர்கள் ஓடு கட்டிக்கொண்டுதான் இருந்தன. அப்படியானால் இன்றைய 420க்கு ஏன் கவலைப்பட வேண்டும்?

விடை வேகத்தில் இருக்கிறது. காபனீரொட்சைட்டு மெதுவாக ஏறினால் மழை பாறைகளைக் கூடுதலாகக் கரைத்துக் கடலுக்குக் காரத்திறனைக் கொண்டுவரும், கடலடிச் சுண்ணாம்பும் கரைந்து ஈடுசெய்யும். பீ.எச். தாழ்ந்தாலும் ஓடு கட்டத் தேவையான காபனேற்று ஓரளவு மிஞ்சும். ஆனால் கடலின் மேல்நீரும் அடிநீரும் ஒருமுறை கலந்து முடிக்கவே ஆயிரம் ஆண்டு அளவு வேண்டும். பாறை கரைவது அதைவிடப் பல மடங்கு மெதுவு.

வேகமாக ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு 56 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சம்பவம் உண்டு. சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் ஏராளமான காபன் வெளியேறி, பூமி ஏறக்குறைய 5 பாகை சூடாகியது. போரன் முறையில் பார்த்தால் மேற்பரப்புக் கடலின் பீ.எச். 0.3 அளவு இறங்கியிருக்கிறது. தென் அத்திலாந்திக்கில் 2003இல் துளையிட்டு எடுத்த சேற்றில் இது வெறும் கண்ணுக்கே தெரியும். வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு சட்டென்று நின்று செம்பழுப்புக் களி தொடங்குகிறது. விழுந்த ஓடுகள் கரைந்துபோன இடம் அது. ஆழ்கடல் அடியில் வாழ்ந்த பொராமினிபெரா இனங்களில் 30 முதல் 50 வீதம் வரை அப்போது அழிந்தன. அங்கே 0.3 இறங்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்தன. நாம் இரண்டு நூற்றாண்டில் 0.1 இறக்கியிருக்கிறோம்.

எங்கள் கல்லில் ஏன் பார்க்க முடியாது?

யாழ்ப்பாணத்தவர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி இது. குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. செம்பாட்டு மண்ணைத் தோண்டினால் சில அடியில் கல் வந்துவிடும். அந்தக் கல் மயோசீன் காலத்தது, அதாவது 23 மில்லியனிலிருந்து 5.3 மில்லியன் ஆண்டு வரையான காலம். 14 மில்லியன் என்ற எண்ணும் அதற்குள்தான் வருகிறது. 1923இலேயே வேலண்ட், டேவிஸ் இருவரும் இலங்கையின் மயோசீன் படிவுகளை விவரித்தார்கள். பொராமினிபெராவும் எங்கள் கல்லில் உண்டு. காங்கேசன்துறையில் சீமெந்துக்கு வெட்டிய கல்லிலிருந்தே பழைய காற்றைக் கணித்திருக்கலாமே?

முடியாது. காரணம் எங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே இருக்கிறது. மழைநீர் மண்ணில் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிக் கல்லை அரிக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அப்படி அரித்து வந்த சுண்ணாம்புதான். நிலாவரை போன்ற ஆழக் குழிகளும் கீரிமலைக்கு நீர் போகும் வழிகளும் அந்த அரிப்பால் வந்தவை. பனியுகங்களில் கடல் மட்டம் இன்றைவிட 120 மீற்றர் வரை தாழ்ந்திருந்தபோது கல் இன்னும் கூடுதலாக வெளியில் கிடந்து நனைந்தது.

கரைந்த சுண்ணாம்பு வேறிடத்தில் மறுபடி படிகமாகும். அப்போது பழைய ஓட்டின் வடிவம் மிஞ்சலாம். ஆனால் உள்ளே இருக்கும் பொருள் மாறிவிடும், பழைய போரன் போய்விடும். பார்வைக்கு ஓடு, இரசாயனத்தில் மழைநீர் எழுதிய கல். போதாக்குறைக்கு, எங்கள் கல்லிலுள்ள பொராமினிபெரா ஆழமற்ற கடலின் அடியில் வாழ்ந்த பெரிய இனங்கள். அப்படியான ஆழமற்ற நீரில் பகலுக்கும் இரவுக்குமே பீ.எச். நன்றாக மாறும், காற்றோடு சமநிலை என்று எதையும் சொல்ல முடியாது. அந்த ஓடுகள் கல்லின் காலத்தையும், இங்கே ஒரு சூடான ஆழமற்ற கடல் இருந்தது என்பதையும் நன்றாகவே சொல்கின்றன. போரன் கேள்விக்கு மட்டும் விடை இல்லை.

அதற்கு ஒருபோதும் மழை தொடாத சேறு வேண்டும். ஓடுகள் கரைந்துவிடும் அளவுக்கு ஆழமாகவும் இருக்கக்கூடாது, 4 அல்லது 5 கிலோமீற்றருக்குக் கீழே சுண்ணாம்பு ஓடு நிலைக்காது. கடலடி மலைகளின் முதுகுதான் தோதான இடம். யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்கே வங்காள விரிகுடாவுக்குள் போனால், 90 பாகை நெடுங்கோட்டை ஒட்டி வடக்குத் தெற்காக நீளும் அப்படியொரு மலைத்தொடர் இருக்கிறது. 1988இல் ஜொயிடெஸ் ரெசொலூஷன் என்ற துளையிடும் கப்பல் அதன்மேல் நின்று சேற்றை எடுத்தது. எங்கள் கல்லின் வயதையொத்த மயோசீன் சேறும் அதில் இருக்கிறது, இன்னும் கல்லாகாமல்.